கம்பெனி நிலமும் அடிமை ஆளும்: மூன்று மாகாணங்கள், ஒரு சட்டம்

கிழக்கிந்தியக் கம்பெனிக்கு 1639இல் சென்னையில் கிடைத்தது கடலோர மணல் துண்டு ஒன்று. பம்பாய்த் தீவுகள் 1661இல் போர்ச்சுக்கல் இளவரசியின் சீதனமாக இங்கிலாந்து மன்னரின் கைக்கு வந்தன. அவற்றை மன்னர் 1668இல் ஆண்டுக்குப் பத்துப் பவுன் வாடகைக்குக் கம்பெனியிடம் விட்டார். கிடங்கும் கோட்டையுமாக ஒரு நூற்றாண்டு கழிந்தது. பிறகு நிலம் வேகமாகப் பெருகியது. 1765இல் வங்காளத்தின் திவானி உரிமை, 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து மலபார், பாரமகால், திண்டுக்கல், 1799இல் கோயம்புத்தூர், கன்னடக் கடற்கரை, தஞ்சாவூர், 1801இல் நவாபின் கர்நாடகம் முழுதும், 1818இல் பேஷ்வாவின் மராட்டிய நாடு. ஐம்பத்து மூன்றே ஆண்டுகளில் ஒரு வணிகக் கூட்டம் துணைக்கண்டத்தின் பேரரசாகிவிட்டது.

நிலத்தை அளந்து கணக்கெழுதும்போது அந்த நிலத்தில் விலைக்கும் அடகுக்கும் போய்க்கொண்டிருந்த மனிதர்களும் கணக்கில் வந்தார்கள். அவர்களை என்ன செய்வது என்ற கேள்வி ஒவ்வொரு வெற்றிக்குப் பின்னும் எழுந்தது. ஒவ்வொரு மாகாணமும் அதற்கு வேறு வேறு பதில் சொன்னது.

இதே காலத்தில் உலகின் மறுபக்கத்தில் இன்னொரு புதிய நாடும் இதே சிக்கலில் இருந்தது. அமெரிக்க ஐக்கிய நாடுகள் 1787இல் ஒகாயோ ஆற்றுக்கு வடக்கே இருந்த புதுநிலத்தில் அடிமை முறையைத் தடைசெய்தது. 1803இல் பிரான்சிடம் லூயிசியானாவை வாங்கி நாட்டின் பரப்பை ஏறக்குறைய இரட்டிப்பாக்கியது. 1820இல் மிசௌரி உடன்பாட்டின்படி 36 பாகை 30 கலை அட்சக்கோட்டை எல்லையாக வைத்து, அதற்கு வடக்கே அடிமை இல்லை, தெற்கே உண்டு என்று வகுத்தது. 1845இல் டெக்சாஸ் சேர்ந்தது. 1848இல் மெக்சிகோவிடமிருந்து பெருநிலம் வந்தது. ஒவ்வொரு சேர்க்கையும் சண்டையைக் கூட்டி 1861இல் உள்நாட்டுப் போரில் முடிந்தது. அங்கே அந்தச் சண்டை சட்டமன்றத்தில், பத்திரிகையில், தேர்தல் மேடையில் நடந்தது. கம்பெனி நாட்டில் சட்டமன்றம் கிடையாது. இங்கே அது கலெக்டருக்கும் ரெவின்யூ போர்டுக்கும், சென்னைக்கும் கல்கத்தாவுக்கும், கல்கத்தாவுக்கும் லண்டனுக்கும் இடையே கடிதங்களாக ஓடியது. லிங்கனை நன்கறிந்த தமிழ் வாசகர்களிலும் இந்திய அடிமை முறை பற்றிய 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டத்தைக் கேள்விப்பட்டவர் அரிதாக இருப்பதற்கு இதுவே பெரிய காரணம்.

வங்காள மாகாணத்து அதிகாரிகள் கண்டது பெரும்பாலும் வீட்டு அடிமைகளை. பஞ்ச காலத்தில் பெற்றோர் பிள்ளைகளை விற்றார்கள். பீகாரில் கடனுக்காகக் காலமெல்லாம் உழைத்த கமியாக்கள் இருந்தார்கள். வாரன் ஹேஸ்டிங்ஸ் 1772இல் கொள்ளையரின் குடும்பத்தாரை அரசின் அடிமைகளாக்கலாம் என்றே விதி செய்தார். அரசாங்கமே அடிமை ஆக்கும் தொழிலில் இறங்கிய காலம் அது. பதினேழு ஆண்டு கழித்துக் காரன்வாலிஸ் கல்கத்தாவிலிருந்து கடல்வழியே அடிமைகளை ஏற்றுமதி செய்வதைத் தடுத்தார். 1811இல் வங்காளத்தின் பத்தாம் ஒழுங்குவிதி வெளியிலிருந்து விற்பனைக்கு ஆள் கொண்டுவருவதைக் குற்றமாக்கியது.

இங்கேதான் நிலம் பெருகியதன் சிக்கல் தலைகாட்டியது. நேற்றுவரை ‘வெளிநாடு’ என்றிருந்த ஊர் இன்று கம்பெனி நிலம். அங்கிருந்து ஓர் ஆளைக் கொண்டுவந்தால் அது இறக்குமதியா, உள்ளூர்ப் பரிமாற்றமா? டெல்லியில் சார்லஸ் மெட்காஃப் 1812இல் அடிமை வணிகத்தையே நிறுத்தப் பார்த்தபோது, விதி சொல்வதைத் தாண்டிப் போகிறார் என்று கல்கத்தா அவரைப் பின்னிழுத்தது. ஒரு மாகாணத்திலிருந்து இன்னொன்றுக்கு விற்பனைக்காகக் கொண்டுபோகப்பட்டவரும் விடுதலை பெற்றவரே என்று தெளிவாக்க 1832 வரை, மூன்றாம் ஒழுங்குவிதி வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

பம்பாய்க்கு அடிமை என்றால் முதலில் கடல். கம்பெனியே பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் மடகாஸ்கரிலிருந்து ஆப்பிரிக்கரைக் கொண்டுவந்து இந்தத் தீவில் வேலை வாங்கியது. தமிழில் ‘காப்பிரி’ என்று வழங்கியது இவர்களைத்தான். அதற்கு முன்பே போர்ச்சுக்கீசியர் வீடுகளில் அவர்கள் இருந்தார்கள். அரபுக் கப்பல்கள் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்தும் மஸ்கட்டிலிருந்தும் மேற்குக் கரைத் துறைமுகங்களுக்கு ஆட்களைக் கொண்டுவந்தன. பம்பாய் அரசு 1813இல் இறக்குமதியைத் தடுத்தபின் அதன் கவனம் முழுதும் கப்பல் சோதனையிலேயே இருந்தது. கப்பலில் வந்தவர் கண்ணில் பட்டார். சூரத்து, பரூச் வட்டாரங்களில் கல்யாணச் செலவுக்கு வாங்கிய கடனுக்காகத் தலைமுறை தலைமுறையாக உழுத ‘ஹாலி’கள் அவ்வளவாகக் கண்ணில் படவில்லை. அவர்களை வேலைக்காரர் என்று எழுதுவதா, அடிமை என்று எழுதுவதா என்பதிலேயே அதிகாரிகளுக்குத் தடுமாற்றம்.

சென்னை மாகாணத்தின் நிலை வேறு. இங்கே அடிமை வயலில் இருந்தார்; அவரைப் பிடித்துவர கப்பலும் வேண்டியதில்லை, போரும் வேண்டியதில்லை. அவர் பிறந்த சாதியே போதுமானதாக இருந்தது. தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, திருநெல்வேலியின் நஞ்சைப் பகுதிகளில் பள்ளரும் பறையரும், மலபாரில் செருமரும் புலையரும் அந்த நிலையில் இருந்தார்கள். விலை ஓலை, அடகு ஓலை என எழுதி ஆள் கைமாறினார். தானே தன்னை விற்று ஓலை எழுதிக்கொடுத்தவர்களும் உண்டு. தொண்டைமண்டலத்தில் அவர்கள் மண்ணோடு சேர்ந்தவர்கள்; மிராசுப் பங்கு கைமாறினால் அவர்களின் உழைப்பும் புதிய மிராசுதாரிடம் போகும். சென்னைக் கலெக்டராயிருந்த எல்லிஸ், திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்க்கத் தொடங்கிய அதே எல்லிஸ், மிராசு பற்றிய வினாக்களுக்கு எழுதி 1818இல் அச்சான விடைகளில் இந்த நிலையை விரித்துரைத்திருக்கிறார்.

மலபாரில் மண்ணோடு கட்டுண்ட அந்தப் பாதுகாப்புக்கூடக் கிடையாது. நிலத்தை விட்டுப் பிரித்து ஆளை மட்டும் விற்கலாம். நிலத்துக்கு வழங்கிய ஜன்மம், காணம், பாட்டம் என்ற மூன்று வகைப் பரிமாற்றமும் மனிதருக்கும் வழங்கின என்று 1800–01இல் அந்தப் பகுதியைச் சுற்றிப் பார்த்த பிரான்சிஸ் புக்கானன் எழுதினார்: முழு விற்பனை, அடகு, வாடகை. அமெரிக்கத் தென்மாநிலத் தோட்டத்தில் தோலின் நிறம் செய்த வேலையை இங்கே சாதி செய்தது. ஆனால் ஒரு வேறுபாடு பெரியது. அடிமையும் ஆண்டையும் ஒரே மொழி பேசினார்கள், ஒரே ஊரில் இருந்தார்கள், நடுவில் ஒரு வாய்க்காலும் சேரிக்குப் போகும் ஒற்றையடிப் பாதையும் மட்டுமே. அதனால் அதிகாரி அதற்கு ‘நாட்டு வழக்கம்’ என்று பெயர் வைத்துவிட்டு மேலே போக முடிந்தது.

வழக்கம் என்ற சொல் அவருக்கு வசதியாயிருந்ததற்குக் காரணம் வரி. நஞ்சை வரிதான் சென்னை மாகாணத்தின் வருமானத்துக்கு ஆதாரம். நஞ்சைக்கு நாற்று நட, நீர் பாய்ச்ச, அறுக்க ஆள் வேண்டும். ஆள் நகர்ந்துவிட்டால் வயல் தரிசு, வயல் தரிசானால் வரி பாக்கி. ஆண்டையைக் காட்டிலும் கலெக்டருக்கே இந்தக் கணக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

மலபாரின் கதையில் பம்பாய்க்கும் ஒரு பங்கு உண்டு. 1792இல் கைப்பற்றப்பட்ட மலபார் முதலில் பம்பாய் மாகாணத்தோடுதான் சேர்க்கப்பட்டது. 1800இல்தான் சென்னைக்கு மாறியது. பம்பாய் அனுப்பிய ஆணையர்கள் 1790களில் கடற்கரைத் துறைமுகங்களிலிருந்து ஆட்களைக் கடத்தி விற்பதைத் தடுத்தார்கள். அதே பம்பாய் அரசு 1797இல் கண்ணூர்ப் பக்கம் அஞ்சரக்கண்டியில் மிளகுத் தோட்டம் போட்டு, மர்டாக் பிரவுன் என்ற வணிகரை மேற்பார்வைக்கு வைத்தது. கூலிக்கு ஆள் போதவில்லை என்று பிரவுன் முறையிட, செருமரை விலைக்கு வாங்கிக்கொள்ள அனுமதி கிடைத்தது. ஒரு கை துறைமுகத்தில் தடுத்ததை மறு கை தோட்டத்தில் செய்தது. சென்னை மாகாணத்துக்கு மலபார் போனபின் தோட்டம் பிரவுனுக்கே நீண்ட குத்தகையாகக் கிடைத்தது.

1811இல் வடமலபார் மாஜிஸ்திரேட் தாமஸ் பேபர் அந்தத் தோட்டத்தில் சோதனை போட்டார். திருவிதாங்கூர்ப் பகுதியிலிருந்து திருடிக் கொண்டுவரப்பட்ட பிள்ளைகளும் பெரியவர்களும் அங்கே வேலையில் இருந்தார்கள். கிடைத்தவர்களை அவர் ஊருக்குத் திருப்பி அனுப்பினார். பிரவுன் சும்மா இருக்கவில்லை. தகராறு சென்னை வரை போய் ஆண்டுக்கணக்கில் நீண்டது. மேலதிகாரிகள் பேபரைத் தட்டிக்கொடுக்கவில்லை. ஓய்வு பெற்றபின் 1830களின் தொடக்கத்தில் பாராளுமன்றக் குழுக்களின் முன் பேபர் சொன்ன சாட்சியம்தான் தென்னிந்திய அடிமை முறையை இங்கிலாந்தில் பேசுபொருளாக்கியவற்றில் முக்கியமானது. ஒரு ஜில்லா அதிகாரி தன் பதவிக்குக் கிடைக்கும் லாபத்தைப் பார்க்காமல் செய்த வேலை இது. கம்பெனிக் கோப்புகளில் இப்படிப்பட்டவை அதிகம் கிடையாது.

1819இல் சென்னை ரெவின்யூ போர்டு எல்லாக் கலெக்டர்களிடமும் விவரம் கேட்டது. விசாரணை தொடங்கிய விதமே சிந்திக்கத் தக்கது. மலபாரில் வரி பாக்கிக்காக நிலத்தை ஏலம் விடுவதுபோல் அடிமைகளையும் ஏலம் விட்டுக்கொண்டிருந்தது அரசு. அந்த விற்பனை நிறுத்தப்பட்டது. ஆனால் அடிமை முறையில் கைவைக்க வேண்டாம் என்பதே நஞ்சை ஜில்லாக்களின் பொதுவான குரல். வாரிசில்லாமல் அரசுக்கு வந்த நிலங்களில் இருந்த செருமரைச் சர்க்கார் அடிமைகளாக வைத்து, அவர்களை வாடகைக்கு விட்டு வருமானம் எடுத்ததும் தொடர்ந்தது. அந்த வருமானத்தை விட்டுக்கொடுத்து அவர்களை விடுவிக்கச் சென்னை அரசு 1836இல் ஒப்புக்கொண்டபோது கணக்கிலிருந்து தள்ளுபடி ஆன ஆண்டுத் தொகை 927 ரூபாய் 13 அணா. ஒரு பேரரசு அத்தனை காலம் விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருந்தது இந்தத் தொகையைத்தான்.

லண்டனில் 1833ஆம் ஆண்டு இரண்டு சட்டங்கள் நிறைவேறின. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். முதலாவது, பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்த சட்டம். அந்நாடுகளின் ஆண்டைகளுக்கு 2 கோடி பவுன் ஈடு கொடுத்த சட்டம். அதன் 64ஆம் பிரிவு கம்பெனி நாடுகளையும் இலங்கையையும் செயின்ட் ஹெலனாவையும் விலக்கிவைத்தது. இரண்டாவது, கம்பெனியின் உரிமப் பட்டயத்தைப் புதுப்பித்த சட்டம். அதன் முதல் வரைவில் இந்தியாவில் 1837இல் அடிமை முறை முடிய வேண்டும் என்று காலக்கெடு இருந்தது. சட்டமாகி வெளிவந்தபோது கெடு போய், அடிமைகளின் நிலையைத் தணித்து, முடிந்தவரை விரைவில் ஒழிக்க கவர்னர் ஜெனரல் வழி தேட வேண்டும் என்ற அளவில் நின்றது.

வழி தேடும் பொறுப்பு சட்ட ஆணையத்திடம் வந்தது. மெக்காலே தலைமையில் 1837இல் எழுதிய தண்டனைச் சட்ட வரைவு ஓர் எளிய கொள்கையை முன்வைத்தது: சுதந்திரமானவருக்குச் செய்தால் குற்றமாகும் செயல், அடிமைக்கு ஆண்டை செய்தாலும் குற்றமே. 1841 ஜனவரியில் வந்த ஆணையத்தின் பெரிய அறிக்கை மூன்று மாகாணங்களின் வழக்கங்களையும் தனித்தனியாக எடுத்துவைத்தது. வேலை செய்யாத அடிமையை ‘மிதமாக’த் தண்டிக்கும் உரிமை ஆண்டைக்கு உண்டா என்பதில் ஆணையத்துக்குள்ளேயே கருத்து பிளந்தது.

இதற்கிடையே இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அடிமை எதிர்ப்பாளர்கள் இந்தியாவைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள். வங்காளத்தில் பல ஆண்டுகள் இருந்த வில்லியம் ஆடம், இந்தியாவின் அடிமைச் சட்டமும் வழக்கமும் பற்றி ஆங்கிலேய அடிமை எதிர்ப்புத் தலைவர் பக்ஸ்டனுக்கு எழுதிய கடிதங்களை 1840இல் பாஸ்டனில் நூலாக்கினார். கம்பெனி அதிகாரி பார்ட்டில் ஃபிரேர் 1841இல் போட்ட மதிப்பீட்டின்படி பிரிட்டிஷ் இந்தியாவில் மட்டும் 80 முதல் 90 லட்சம் அடிமைகள். மதிப்பீடுதான், தலை எண்ணிய கணக்கல்ல. ஆனாலும் 1840ஆம் ஆண்டு அமெரிக்கக் கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் சுமார் 25 லட்சம் என்பதோடு ஒப்பிட்டால் மௌனத்தின் அளவு தெரியும்.

எல்லன்பரோ கவர்னர் ஜெனரலாயிருந்தபோது 1843 ஏப்ரல் 7ஆம் தேதி ஐந்தாம் சட்டம் நிறைவேறியது. நான்கே பிரிவுகள். கடன் தீர்ப்புக்காகவோ வரி பாக்கிக்காகவோ யாரையும் அடிமை என்று சொல்லி அரசு அலுவலர் விற்கக் கூடாது. அடிமை உரிமை கோரும் எந்த வழக்கையும் கோர்ட்டு ஏற்காது. அடிமை என்ற காரணம் காட்டி ஒருவர் தேடிய சொத்தைப் பறிக்க முடியாது. அடிமைக்கு இழைத்த குற்றமும் குற்றமே. இதற்கு மேல் ஒரு சொல் இல்லை. ‘அடிமை முறை ஒழிக்கப்பட்டது’ என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. அடிமை வைத்திருப்பது குற்றம் என்றும் சொல்லவில்லை. அது 1860இல் வந்த தண்டனைச் சட்டத்தின் 370, 371ஆம் பிரிவுகள் வழியே, 1862 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. ஆண்டைக்கு ஈட்டுத்தொகை கிடையாது. விடுபட்டவருக்குக் காணி நிலமும் கிடையாது. கோர்ட்டு தன் கையைக் கழுவிக்கொண்டது; வயல் அப்படியே இருந்தது.

தமிழர் வாழ்ந்த பிற நிலங்களில் தேதிகள் சற்று முன்பின்னாக விழுந்தன. இலங்கையில் 1844, கொச்சியில் 1854, திருவிதாங்கூரில் 1855.

சட்டம் ஊருக்கு வந்து சேர்ந்த விதம்தான் மெதுவானது. அடிமை என்று எழுத முடியாத ஓலையில் கடன் என்று எழுதலாம். அடிமையாள் என்ற பெயர் பண்ணையாள், படியாள் என்ற பெயர்களுக்குள் ஒதுங்கியது. கல்யாணத்துக்கோ சாவுக்கோ வாங்கிய முன்பணம் தகப்பனிடமிருந்து மகனுக்கு இறங்கியது. அரசும் உதவிக்கு வந்தது. 1859ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் சட்டம், முன்பணம் வாங்கிக்கொண்டு வேலையை விட்டுப் போகும் கைவினைஞரையும் கூலியாளையும் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தித் தண்டிக்க வழி செய்தது. அது முதலில் நடைமுறைக்கு வந்தது கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய மூன்று நகரங்களில்; பிறகு பிற இடங்களுக்கும் பரவியது. மாகாணத்துக்கு மாகாணம் மாறிய அடிமை முறையை அகற்றியபின், மூன்று மாகாணத் தலைநகரங்களும் ஒன்றுபட்டது ஓடிப்போகும் கூலியைப் பிடிப்பதில்.

அமெரிக்கப் போர் 1861இல் வெடித்ததும் அதன் அலை பம்பாய்க்கு வந்தது. அதுவரை லங்காஷயர் ஆலைகளுக்கு வேண்டிய பஞ்சில் பெரும்பகுதி அடிமைகள் விளைவித்த தென்மாநிலப் பஞ்சு. வடக்கின் கடற்படை துறைமுகங்களை அடைத்ததும் இந்தியப் பஞ்சின் விலை பல மடங்கு ஏறியது. கொலாபாவின் பஞ்சு மைதானத்தில் மூட்டைகள் குவிந்தன; பணம் வெள்ளமாக வந்து, கடலைத் தூர்த்து நிலமாக்கும் கம்பெனிகளின் பங்குகளில் பாய்ந்தது. 1865இல் போர் முடிந்ததும் அத்தனையும் சரிந்தது. பஞ்சு வணிகர் பிரேம்சந்த் ராய்சந்தின் கொடையில் எழுந்த ராஜாபாய் மணிக்கூண்டு அந்தச் செல்வத்தின் எச்சமாக இன்றும் நிற்கிறது. அமெரிக்க அடிமைகளின் பஞ்சு வராதபோது விலைபோன பஞ்சில் பரூச், சூரத்துப் பஞ்சுக்கு நல்ல பெயர் உண்டு. ஹாலிகள் உழுத வட்டாரங்களும் அவைதான்.

வயலை விட்டுக் கிளம்ப வழி கிடைத்தவர்கள் கிளம்பினார்கள். மொரீஷியஸுக்கு 1834 முதல், இலங்கைத் தேயிலை, காப்பித் தோட்டங்களுக்கு, 1860இல் சென்னையிலிருந்து டர்பனுக்கு, மலாயாவுக்கு, கோலார் தங்கச் சுரங்கத்துக்கு. ஒப்பந்தக் கூலி முறை அடிமை முறையின் மறுபிறவி என்று சொல்வது வழக்கம், பெரிதும் உண்மை. ஆனால் தஞ்சையிலும் நெல்லையிலும் பண்ணையை விட்டு ஓடியவருக்குக் கப்பலோ ரயிலோ ஆண்டையின் கை எட்டாத தூரத்தைத் தந்தது என்பதும் உண்மை. இரண்டையும் ஒருசேரச் சொல்லாத வரலாறு அரைகுறையானது.

பம்பாய்த் தமிழர் குடியேற்றத்தில் ஊரின் பழைய பிரிவு பகுதிப் பெயராகவே படிந்திருக்கிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த ஆதிதிராவிடரும் தமிழ் முஸ்லிம்களும் தாராவியின் தோல் பதனிடும் தொழிலிலும் அதைச் சுற்றிய வேலைகளிலும் அமர்ந்தார்கள். நகர மேம்பாட்டு டிரஸ்ட் 1898இல் அமைந்தபின் மனைபோட்டு எழுந்த மாட்டுங்காவுக்குத் தஞ்சை, பாலக்காடு, நெல்லை அக்கிரகாரங்களின் ஆங்கிலம் படித்த பிள்ளைகள் குமாஸ்தாக்களாக வந்தார்கள். பின்னாளில் செம்பூருக்கும் பரவினார்கள். தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் இடையே நடந்தே போகும் தூரம்தான். ஊரில் மிராசுக் குடும்பத்துக்கும் சேரிக்கும் நடுவே இருந்த தூரமும் ஏறக்குறைய அவ்வளவே.

சென்னை மாகாணத்தில் நிலம் என்ற கேள்வி மறுபடி எழ 1891 வரை ஆனது. செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் பறையர் நிலை பற்றி எழுதிய அறிக்கையின் பயனாக, 1892இல் தாழ்த்தப்பட்டோருக்குத் தரிசு நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. பஞ்சமி நிலம் என்று பின்னர் பெயர் பெற்றது அது. ஓடிப்போகும் கூலியைத் தண்டித்த 1859ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்க 1925இல்தான் சட்டம் நிறைவேறியது. அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு 1950இல் கட்டாய உழைப்பைத் தடைசெய்தது. தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல் வந்தது. அதற்குப் பதினாறு ஆண்டு கழித்து, அதே தஞ்சை ஜில்லாவில், கூலி உயர்வு கேட்ட ஊரான கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசையில் எரிந்து மாண்டார்கள். 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், கொத்தடிமையாகக் கட்டுண்டவரின் கடனே செல்லாது என்றது. அந்தக் கடனைத்தான் 1843ஆம் ஆண்டுச் சட்டம் தொடாமல் விட்டிருந்தது.